ஷாஃப்டுக்குப் பேர் வந்த கதை

என் தாய்மாமாவைப் பொறுத்தவரை, தமிழிலிருந்து பிறக்காத சொல் உலகத்தில் கிடையாது. அவர் காதில் இன்னும் விழாத சொற்கள் வேண்டுமானால் விதிவிலக்கு. சுரங்கத்தில் லாம்ப் ரூமில் வேலை. இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுப்பார், ஏறி வந்தவர்களிடம் திருப்பி வாங்கி வைப்பார். மிச்ச நேரத்தில் சொற்களுக்குப் பிறந்த வீடு தேடுவார். ஆட்களைக் கட்டுக் கட்டாக அனுப்புவதால் 'சிப்பம்', அதுதான் ஷிப்ட். இறக்குக் கூண்டில் அத்தனை பேர் ஒட்டி நின்று இறங்கும்போது வருவது 'கூச்சம்', அதுதான் கேஜ். சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் இதை ரசிக்க ஆள் இருந்தது. பள்ளியில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கும் எனக்குத்தான் மானம் போனது.

அக்காவைப் பெண் பார்க்கக் குடியாத்தத்திலிருந்து வருகிறார்கள், மாப்பிள்ளையின் அப்பா தமிழ் வாத்தியார் என்று தெரிந்ததும் அம்மாவிடம் ஒரே ஒரு வரம் கேட்டேன். மாமாவை ஏதாவது வாங்கி வரச் சொல்லி ஆண்டர்சன்பேட்டைக்கு அனுப்பிவிடலாம். அம்மா மசியவில்லை. நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சுரங்கத்தில் காலை ஷிப்ட். அவர் வரும்வரை கூடத்தில் உட்கார ஓர் ஆம்பளை வேண்டுமாம்.

வந்தவர்கள் உட்கார்ந்து மிக்சரில் கை வைத்த நேரம், தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. அலமாரியில் டம்ளர்கள் கலகலத்தன. கூரைத் தகரத்திலிருந்து துரு உதிர்ந்து மிக்சரில் விழுந்தது. பூமிக்கடியில் எங்கோ பாறை வெடித்தால் மேலே வீடு இப்படி ஆடும். ஏர் பிளாஸ்ட் என்போம். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. கையிலிருப்பதை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, ஷாஃப்ட் இருக்கும் பக்கம் பார்த்து நிற்பார்கள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பார்கள். வராவிட்டால் உள்ளே போய் விட்ட வேலையைத் தொடர்வார்கள்.

அம்மா எழுந்தாள். லைன் மொத்தமும் அடங்கிவிட்டது. அந்த அமைதியில் மாமா பேச ஆரம்பித்தார்.

"உக்காரும்மா. சார், ஷாஃப்ட்னா இன்னான்னு தெரியுங்களா?"

சுரங்கத்துக்குள் இறங்கும் வழி என்றார் வாத்தியார்.

"அத்த கேக்கல. பேரு எப்டி வந்துச்சி? தொரை நம்மாளப் பார்த்து எறங்குடான்னான். இவன், 'சாப்ட்டு வரேன் தொரை'ன்னான். தொரை அப்டியே எழுதிக்கினான்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்குச் சான்று ஏதும் இருக்குங்களா?"

"நான்தாங்க சான்று."

பிற்பாடு நான் வாங்கி அடுக்கிய அகராதிகள், அந்தச் சொல் ஈட்டிக் கம்பிலிருந்து வந்தது என்கின்றன. அதை மேடையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் சிரித்ததில்லை.

மாமா நிறுத்தவில்லை. குரல் ஏறிக்கொண்டே போனது. அம்மா வாசல் பக்கம் தலையைத் திருப்பும்போதெல்லாம், "நீயே சொல்லும்மா, நம்ம ஊட்ல அப்டித்தான சொல்வோம்?" என்று இழுப்பார். அவளும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தொலைவில் ஒரு வண்டி ஊளையிட்டுக்கொண்டு போன நேரத்தில், சொன்ன ஜோக்குக்குத் தானே தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கதவுக்குப் பின்னால் பட்டுப்புடவையில் அக்கா அழுதாள். என்னைப் போலவே வெட்கத்தில் அழுகிறாள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாத்தியார் அம்மாவையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிக நிதானமாக, "அப்படின்னா பிஸ்கட்டு?" என்றார். மாமா பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டார். அது முடிந்ததும், "லாந்தர்?" என்றார் வாத்தியார். சம்பந்தம் போச்சு, மனுஷன் மாமாவை வைத்து விளையாடுகிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் நைனா வந்தார், குளிக்காமல், தலையெல்லாம் கல்தூளுடன். அடிபட்ட ஒருவரை ஆஸ்பத்திரியில் விட்டு வரத் தாமதமாம். வாத்தியார் எழுந்து அந்தத் தூசிக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் மாமா வாயை மூடினார்.

காலையில் நைனாவுக்கு விளக்கை எடுத்துக் கொடுத்து, எந்த லெவல், எவ்வளவு ஆழம் என்று கேட்டு அனுப்பியவர் மாமாதான். அம்மாவின் காதுக்கும் வாசலுக்கும் நடுவில் அவர் எந்தச் சத்தத்தை அடைத்துக்கொண்டிருந்தார் என்று விளங்க எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது. அன்று நான் பார்த்தது, அம்மா கொடுத்த காபியை அவரால் பிடிக்க முடியாததை மட்டும்தான். பாதி வேட்டியில் கொட்டியது. வாத்தியார் கண்ணில் படக் கூடாதே என்று பாவாடையை விரித்துக்கொண்டு மாமாவுக்கு முன்னால் போய் நின்றேன். பெண் பார்க்க வரும் நாளில்கூடக் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.