பட்டாசு டிஸ்க்குக்கு ஒரு பிராசசர்

சிங்கப்பூர் ரயிலில் சனிக்கிழமை மாலைகளில் நாலைந்து பேராவது மடித்த தாள்களைப் பிரித்து வைத்துக்கொண்டு பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். வந்த புதிதில் குதிரைப் பந்தயத் தாள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது கம்ப்யூட்டர் பாகங்களின் பட்டியல். பொடி எழுத்தில் இரண்டு பக்கம். நம்மூரில் வரன் பார்ப்பவர்கள்கூட ஜாதகத்தை இவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் நானும் இரண்டாயிரத்து எட்டில் ஒரு நாள் அந்தத் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எல்லாம் என் தங்கை செல்வராணிக்காக. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எட்டு வருஷம் சரம் பின்னியவள். அது பிடிக்காமல், சிவகாசியில் கல்யாண வீடியோ கடை ஒன்றில் எடிட்டிங் பழகினாள். கீபோர்டில் இசையும் சேர்க்கக் கற்றுக்கொண்டாள். பழைய கம்பெனி முதலாளியே அவளைக் கூப்பிட்டு, தன் வெடி ரகங்கள் வானத்தில் வெடிப்பதைப் படம் பிடித்து இசையோடு ஒரு டிஸ்க் கேட்டார். சீசனுக்கு முன் வரும் வடநாட்டு வியாபாரிகளுக்குக் காட்டுவதற்கு. சரியாக வந்தால் வருஷா வருஷம் அவளுக்கே வேலை. வராவிட்டால், வீட்டில் முன்பே சொல்லியிருந்தபடி, மறுபடியும் சரம் பின்னும் அறைதான். அவளிடமிருந்த பழைய கம்ப்யூட்டரோ பத்து நிமிஷப் படத்தைச் சேர்த்துக் கொடுக்க ஒரு முழு நாள் எடுத்தது. மூன்றாவது வாத்தியத்தைச் சேர்த்தால் திக்கித் திணறியது.

தாளில் வட்டம் போட்ட கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சீனப் பெரியவர். மணிக்கட்டில் ஒயர் கட்டியிருந்தார். "கேமுக்கா?" என்றார். பட்டாசு, வீடியோ, மியூசிக் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடுக்கினேன். அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, இங்கே பட்டாசு வெடித்தால் சிறை என்று எச்சரித்தார். இங்கே வெடிக்க இல்லை, இந்தியாவில் எங்கள் ஊரே பட்டாசு செய்யும் ஊர் என்று விளக்கிய பிறகுதான் சமாதானமானார். சில்லுக்குள் வேலை பார்க்கும் மூளைக்குக் கோர் என்று பெயராம். வேகமான இரண்டு கோர் ஒரு பக்கம், சற்று நிதானமான நாலு கோர் இன்னொரு பக்கம் வைத்து, நீயே சொல் என்றார். நாலு கோர் உள்ளே இருக்கும் அந்தச் சில்லு ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. அதில் கோடிக்கணக்கான சுவிட்சுகள் இருப்பதாகச் சொன்னார். கடை வாசலிலிருந்தே தங்கைக்குப் போன் போட்டு, இரண்டா நாலா என்று கேட்டேன்.

"நாலு பேரும் ஒரே சோலியத்தான் பார்ப்பாகளா, தனித்தனிச் சோலியாண்ணே?" என்று கேட்டாள்.

"வேலையப் பிரிச்சுக் கொடுத்தா தனித்தனியாப் பார்க்குமாம். பிரிக்க முடியாததா இருந்தா ஒண்ணுதான் பார்க்கும், மிச்சம் சும்மா இருக்குமாம்."

"அப்ப நம்ம சரம் மாதிரிதான். ஒரு சரத்த நாலு பேரு பின்ன முடியாது. நாலு பேரு நாலு சரம் பின்னலாம். படத்த துண்டு துண்டாப் பிரிக்கலாம். உறுமி ஒரு சரம், மேளம் ஒரு சரம், நாதசுரம் ஒரு சரம். நாலே எடுண்ணே."

பெரியவரிடம் அதை மொழிபெயர்த்தேன். பத்து வருஷமாக விற்பதாகவும், யாரும் தனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை என்றும் சொன்னார். என் தங்கையை நினைத்து அன்றைக்கு எனக்கு உண்டான பிரமிப்பு இன்னும் இறங்கவில்லை. வெறும் கையால் தொட்டால் உடம்பிலுள்ள மின்சாரமே சில்லைக் கொன்றுவிடும், அதற்குத்தான் இந்த ஒயர் என்று மணிக்கட்டைக் காட்டினார். எங்கள் ஊரில் அதே மின்சாரம் அறையிலிருப்பவர்களையே கொன்றுவிடும். வெடிமருந்து அறை வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள் என்றேன். இரண்டு ஊருக்கும் ஒரே பயம்.

விடுப்பில் சில்லையும் அதற்கேற்ற போர்டையும் சட்டைகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுபோனேன். செல்வராணி முற்றத்து அடிகுழாயைத் தொட்டுவிட்டு வந்து, செருப்பில்லாமல் உட்கார்ந்து அதைப் பொருத்தினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் நாள் படம் பறந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் திரை இருண்டது. திரும்பப் போட்டால் ஐந்து நிமிஷம் ஓடும், நிற்கும். வியாபாரிகள் வர இரண்டு நாள்தான் இருந்தது. நான் கெடுத்துவிட்டேன், தூக்கி வந்ததில் எங்கோ அடிபட்டிருக்கும் என்றே நினைத்தேன்.

செல்வராணி குனிந்து உள்ளே பார்த்தாள். "அப்பா, இங்கன வாங்க. இந்த வாளிய யாரு வச்சது?"

நாலு கோர் சூடாகும் என்று நாங்கள் பேசிக்கொண்டதை அப்பா கேட்டிருக்கிறார். கம்பெனியில் முப்பது வருஷம் இருந்த மனிதர், சூடு என்ற சொல்லைக் கேட்டால் சும்மா இருப்பாரா? பெட்டியின் பக்க மூடி திறந்திருந்தது, எதிரே மேசை விசிறி சுழன்றது, இரண்டுக்கும் நடுவில் விளிம்பு வரை ஒரு வாளி மணல். விசிறி அதை அள்ளி அள்ளி உள்ளே வீசியிருந்தது.

"தீப்பிடிச்சா என்ன செய்வீக? அம்புட்டுச் சூடுன்னு நீங்கதானே சொன்னீக" என்றார் அப்பா.

செல்வராணி கோபப்படவில்லை. வாளியை நகர்த்திவிட்டு, சில்லின் மேல் மணல் அடைத்து நின்றுபோன குட்டி விசிறியின் ஒவ்வொரு இதழையும் லேபிள் ஒட்டும் சின்னப் பிரஷால் துடைத்தாள். சாயங்காலம் மறுபடி ஓட விட்டாள். திரையின் ஓரத்தில் நாலு கோரின் வேலையைக் காட்டும் நாலு வரைபடங்களும் ஒன்றாக எழும்பி உச்சியில் நின்றன. நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் எடுத்த வேலை ஒரு சாப்பாட்டு நேரத்தில் முடிந்தது. உறுமி ஏறும் இடத்தில் வானம் முழுக்கப் பச்சையாக விரிந்தபோது, வாழ்நாளெல்லாம் வெடி செய்த அப்பா, முதல் தடவை பார்ப்பவரைப் போல வாயைத் திறந்தபடி இருந்தார்.

கடைசியில் பெயர்கள். 'இசை, படத்தொகுப்பு: செல்வராணி, எம். புதுப்பட்டி' என்று அடித்தாள். அடுத்த வரியில் 'நன்றி' என்று போட்டு என் பெயரை அடித்தாள். பிறகு கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஊரு என்ன போடண்ணே? சிங்கப்பூரா, புதுப்பட்டியா?"

புதுப்பட்டியில் என்னை எல்லோரும் சிங்கப்பூர்க்காரன் என்கிறார்கள். அங்கே பட்டறையில் நான் இந்தியாக்காரன். முதலாளியின் ஆள் டிஸ்க்குக்காக வாசலில் காத்திருந்தான்.

"சொல்லுண்ணே, நேரமாச்சு."

"பேரு மட்டும் இருக்கட்டும்" என்றேன்.

அந்த டிஸ்க் முதலாளிக்குப் பிடித்துவிட்டது. வருஷா வருஷம் அவளே செய்கிறாள். எனக்கும் ஒன்று அனுப்புவாள். ஊரைக் கேட்பதில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஊர் கொள்ளும் அளவுக்கு இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறாள்.