உப்புப் போடாத மஞ்சள் கரு

சேரம்பாடியிலிருந்து என் ஆய்வு மாணவி பரமேஸ்வரியின் அம்மா கூப்பிட்டபோது நான் ஊட்டியில், கல்லூரி ஆய்வகத்தில் இருந்தேன். "புள்ள போயிருச்சு டீச்சர். தேயிலைக் கொழுந்து எடுக்கையில நெஞ்சு வலின்னு உக்காந்துச்சு, எந்திரிக்கல." உடனே கிளம்பினேன். கூடலூர் சாலையில் மண் சரிந்து பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அடக்கம் முடிந்த பிறகுதான் சாலை திறந்தது.

இதே ஆய்வகத்தில் பரமேஸ்வரியோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் பாடம் சொல்லும் விதம் மறந்திருக்காது. மஞ்சள் கருவைச் சுழற்றிப் பிரித்து, அடியில் தங்கிய குருணையைக் காட்டுவார். "இதுல புரதம் ஜாஸ்தி, கனம், அடியில உக்காந்துக்கும்." மேலே நிற்கும் எல்டிஎல் என்ற கொழுப்புத் துகள்தான் அவருடைய ஆராய்ச்சி. "முக்கால்வாசிக்கு மேல கொழுப்புங்க. சுத்தி பாஸ்போலிப்பிடும் புரதமும் சேர்ந்து மெல்லிசா ஒரு தோலு. உள்ள மாட்டுனது மாட்டுனதுதான், என்னை மாதிரி" என்று சிரிப்பார்.

சிரித்தாலும் அது உண்மை. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். வீட்டில் ஒருவர் எஸ்டேட் வேலைக்குப் போனால்தான் எஸ்டேட் தரும் லைன் வீட்டில் இருக்கலாம். அம்மாவுக்கு முட்டி போனதும் அந்த வேலை இவர் தலையில் விழுந்தது. ஆய்வை முடிக்க எஸ்டேட்டில் கெஞ்சி லீவு வாங்கித்தான் இங்கே வந்திருந்தார். இனிக் கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

தீவனத்தை மாற்றினால் துகளின் கொழுப்பு மாறுமா என்று பார்க்க, வாரக்கணக்கில் கோழிகளுக்குத் தானே தீவனம் வைத்து மஞ்சள் கரு சேர்த்தார். இடையில் அவர் நான்கு நாள் அம்மாவைப் பார்க்கப் போனபோது, கெட்டுவிடுமே என்று நான்தான் அதைத் தூக்கி ஃப்ரீசரில் வைத்தேன். உப்போ சர்க்கரையோ கலக்காமல் உறைய வைத்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உருகிய பிறகும் களியாகவே நிற்கும். பாடம் நடத்துகிற மேதாவி, அதை மறந்தேன். அவர் வருவதற்கு முன் ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டேன்.

"ரெண்டு நாள் கரண்டே இல்ல பரமேஸ்வரி" என்றேன்.

குழாயைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. "சரிங்க மேடம், மழைக்காலந்தானே" என்றார். மறுபடி தொடங்க லீவு இல்லை. அடுத்த திங்கட்கிழமை தேயிலைக் காட்டில் இருந்தார். பட்டமும் வரவில்லை.

இப்போது அவரும் போய், வேலைக்குப் போக ஆளில்லாததால் அந்த வீடும் இனி அம்மாவுக்கு இல்லை.

அவர் விட்டுப்போன ஆய்வுக் குறிப்பேட்டை நேற்றுத்தான் திறந்தேன். கடைசி வரி: "கரண்ட் இல்லாததால் மாதிரி கெட்டது." கரண்ட் போனால் மஞ்சள் கரு நாறும், களியாகாது. அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான், என்மேல் ஒரு கேள்வியும் வராதபடி எழுதியிருக்கிறார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரி. அவர் கையெழுத்தில் என் பொய். அதை அடித்து அழிக்கவும் கை வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.