அம்பு ஒட்டிய வரைபடம்

அந்த வரைபடத் தாளில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பனியன் கம்பெனியில் துணியின் பழுதைக் காட்ட செக்கிங் மேசையில் ஒட்டுவார்களே, அதுதான். வேலம்பாளையத்தில் அந்த வேலை பார்த்துக்கொண்டேதான் இயற்பியல் ஆய்வு செய்தேன். பையில் எப்போதும் ஓர் அட்டை ஸ்டிக்கர் கிடக்கும்.

நானே வளர்த்த ஒரு பச்சைப் படிகத்தைப் பற்றியது ஆய்வு. அதற்குள் தாமிர அணுக்கள் ஏணிபோல அடுக்கியிருக்கும். ஒவ்வொரு படியிலும் இரண்டு அணுக்கள். ஒவ்வொன்றும் ஒரு நுண்காந்தம். இரண்டும் எதிரெதிராகப் பிணைந்திருப்பதால் வெளியே காந்தம் தெரியாது. காந்தப்புலத்தைக் கூட்டினால் ஓர் எல்லைவரை அசையாது. பிறகு ஜோடிகள் ஒவ்வொன்றாக விடுபட, காந்தம் ஏறும்.

வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் அதைக் கடுங்குளிரில் வைத்து அளந்தேன். உடன் வந்தவர் என் சீனியர் அக்கா, குன்னத்தூர்க்காரர். ஏறிய கோடு பாதி உயரத்தில் நின்று, கொஞ்ச தூரம் தட்டையாகப் போய், மறுபடி ஏறியது. இடையில் கம்ப்யூட்டர் நின்றதால் அந்தத் தட்டையில் ஒரு புள்ளி விட்டுப்போனது.

அக்கா வெகுநேரம் பார்த்தார். "கருவிக் கோளாறு கண்ணு. துணியில பழுதிருந்தா நீ என்ன பண்ணுவ? அம்பை ஒட்டித் தள்ளி வெச்சுப்போட மாட்டயா?"

"நீங்க கம்பெனிக்கு வந்திருந்தா சூப்பர்வைசருங்கக்கா" என்று சிரித்தபடி, அச்செடுத்த தாளில் அந்தத் தட்டையைக் காட்டி அம்பை ஒட்டினேன். செக்கிங்கில் பழுது ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அவர் தாளைப் படமெடுத்துக்கொண்டார். ஆய்வேட்டில் அந்தப் பகுதியை நீக்கி, கோட்டை ஒரே ஏற்றமாக இணைத்தேன்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒரு புதிய கட்டுரையை நீட்டினார். "இதே படிகம். இங்க தட்டையாப் போகுது, உங்க கோட்டுல ஏன் இல்ல?" பாதி ஜோடிகள் விடுபட்டதும் அவை ஒரு படி விட்டு ஒரு படியாக ஒழுங்காக அமர்ந்துகொள்கின்றன, அதற்குமேல் புலத்தைக் கூட்டினாலும் கொஞ்ச தூரம்வரை இடம்கொடுப்பதில்லை என்று கட்டுரை விளக்கியது. எழுதியவர் அக்கா. என் பெயர் எங்குமில்லை. தட்டையில், என் தாளில் போலவே, அதே இடத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.

அன்றே போனில் கேட்டேன். "ஏனுங்கக்கா, கோளாறுன்னுதானே சொன்னீங்க?"

"அப்பத்தைக்கு அப்படித் தோணுச்சு கண்ணு. அம்பு ஒட்டுனது நீதான?"

அவர் பொய் சொன்னதைவிட, அதை என் பிழைப்பின் பழக்கத்தைக் கொண்டே சொன்னதுதான் ஆறவில்லை. ஆய்வேட்டைத் திருத்தச் சொன்னார்கள். நான் எடுத்த அளவீட்டுக்கு அவருடைய கட்டுரையை ஆதாரம் காட்டிப் பட்டம் வாங்கினேன்.

தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. போன வாரம் எடுத்தபோது பசை காய்ந்து ஸ்டிக்கர் உதிர்ந்தது. தாள் முழுக்கப் பழுப்பேறியிருக்க, அது மூடியிருந்த இடம் மட்டும் வெள்ளையாக, அம்பு வடிவத்திலேயே, அந்தத் தட்டையைக் காட்டிக்கொண்டிருக்கிறது.