உப்பு என்று நினைத்த வெள்ளை

காவலாளி கண்ணன்தான் போனில் சொன்னார். "அமலா அக்கா போயிட்டாங்க தம்பி." மணி காலை ஒன்பதரை. மற்ற நாட்களில், மாலையில் மரக்காணம் பஸ்ஸைப் பிடிக்க அக்கா கிளம்பிப் போனபின் நான் தேடிக்கொண்டு வந்தால், கண்ணன் இதே சொற்களைத்தான் சொல்வார். அதுக்குள்ளயா என்று கேட்டேன். கண்ணன் அதையே இன்னொரு முறை சொன்னார். பிறகுதான் புரிந்தது. முந்தின நாள் வீட்டில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. நாற்பத்தேழு வயது.

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். புதுச்சேரியில் உலர்செடிக் காப்பகமான எங்கள் ஹெர்பேரியத்தில், காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டும் மேசையில் பதினொரு வருடம் உட்கார்ந்திருந்தவர். தண்டைத் தாளோடு சேர்த்துத் தைத்த நூலுக்கு எங்கே முடிச்சு என்று நீங்கள் தேடியிருந்தால், அது அமலா அக்கா ஒட்டிய தாள்.

அந்த அறையில் எப்போதும் ஏசி ஓடும். அவர் புடவைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்கு முன் பல வருடம் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிச் சுமந்தவர். வெயிலைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஏசியைப் பற்றித் தினமும் கேட்டிருக்கிறேன்.

நான் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த வருடம், மத்திய ஆப்பிரிக்க மழைக்காட்டில் சேகரித்த செடிக்கட்டு ஒன்று வெளிநாட்டிலிருந்து இரவலாக வந்தது. ஒட்டாத செடிகள், பிரெஞ்சு செய்தித்தாள்களுக்கு நடுவே. அங்கே வருடத்தில் பெரும்பகுதி மழைதான் என்று அவரிடம் சொன்னேன். உப்பளத்தில் ஒரு மழை பெய்தால் ஒரு மாத வேலை கரைந்துபோகும். அவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

"அப்ப அந்த ஊர்க்காரங்க எப்பதான் தம்பி வேலைக்குப் போவாங்க?"

அந்தக் கட்டில் ஒரு சிறுமரம் இருந்தது. பூக்கள் கிளையில் இல்லை, அடிமரத்தில். இதற்கு முன் யாரும் பெயரிடாத செடி என்று எனக்குத் தோன்றியது. தோன்றினால் போதாது. ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, அதன் நெருங்கிய உறவுச் செடியிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். பூவுள்ள மாதிரிகள் மூன்று. இரண்டை அக்கா ஒட்டிக் கொடுத்திருந்தார். காய்ந்த பூவைக் கொதிநீரில் போட்டு மலரவைத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபடி எட்டு மாதம் போனது. அந்த 'எங்கே' கிடைக்கவில்லை.

ஒரு மதியம் ஒட்டாத மூன்றாவது செடியைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தார். மொட்டுகளின் வெளிப்புறத்தில் வெள்ளையாக, பொடிப்பொடியாக ஏதோ இருந்தது.

"உப்பு பூத்திருக்குதுன்னு நெனச்சேன்" என்றார். கடற்கரை ஊரில் சுவரில், இரும்பில், துணியில் வெள்ளை படிந்தால் அப்படித்தான் சொல்வார்கள். உப்பும் பூக்கும். "ஆனா உப்புன்னா எல்லா இடத்துலயும் பூக்கும் தம்பி. இது மொட்டுல மட்டும் பூத்திருக்குது. இலையில இல்ல, காம்புல இல்ல."

நான் தடுப்பதற்குள் ஒரு துகளை விரல்நுனியில் ஒற்றி நாக்கில் வைத்தார். பழைய தாள்களில் பூச்சிமருந்து இருக்கும். நல்லவேளை, இது புதிய கட்டு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "உப்பு இல்ல" என்றார்.

நுண்ணோக்கியில் வைத்தேன். தண்ணீர் விட்டேன். கரையவில்லை. மெழுகுத் துகள்கள். உறவுச் செடி எதிலும் இல்லாதவை. நான் தேடிய 'எங்கே'. சந்தோஷத்தில் எழுந்தே விட்டேன். அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"அந்த ரெண்டு தாள்லயும் இருந்திச்சு. நான்தான் பிரஷ்ஷால தொடச்சிட்டேன்."

இரவல் செடி. அவருடையது வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். விட்டுடுங்கக்கா, யார்கிட்டயும் சொல்ல வேணாம் என்றேன். வர்ணனையில் 'துகள்கள் சில பூக்களில் இல்லை' என்று எழுதினால் தீர்ந்தது. இயற்கையில் அப்படி நடப்பதுண்டு. அவருக்காகச் சொன்னதாகத்தான் அன்று நினைத்தேன். கட்டைத் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்கிற பயம் எனக்கும் இருந்தது.

"இல்லாம ஆக்கினது நானு. செடி மேல பழி போடாதீங்க."

குரலை உயர்த்தாமல் சொன்னார். பிறகு இரண்டு சிறிய தாள்களை வெட்டி, குண்டுக் கையெழுத்தில் தமிழில் எழுதினார்: 'இந்தப் பூக்களின் மேல் இருந்த வெள்ளையை உப்பு என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். அமலா.' இரண்டு தாள்களின் ஓரத்திலும் ஒட்டினார்.

அந்தக் குறிப்புகளைப் பார்த்த ஹெர்பேரியத் தலைவர் அக்காவைக் கூப்பிட்டார். நானும் போனேன். இது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்.

"தொடச்சது நான் சார். எனக்குத்தான் தெரியும்."

நான் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் வெளிநாட்டுக் கட்டுகளைத் தொடக்கூடாது என்றார்கள். அவர் மேசைக்கு உள்ளூர்ப் புற்கள் மட்டும் வந்தன. அவர் அதையும் அதே அக்கறையோடு தைத்தார். நான் ஆப்பிரிக்காவைத் தொடர்ந்தேன். வர்ணனை வளர்ந்தது. வாரத்துக்கு ஒருமுறை என் மேசையைத் தாண்டும்போது, "ஆப்பிரிக்கா என்னாச்சு தம்பி?" என்பார். அதில் குத்தல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தேடினேன். இல்லை. செடி நல்லபடியாகப் பெயர் வாங்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டார்.

அடக்கத்துக்கு மரக்காணம் போயிருந்தேன். உப்பு வாரும் மாதம். அளத்திலிருந்து அப்படியே வந்த பெண்களின் கால்களில் முழங்கால்வரை வெள்ளை காய்ந்திருந்தது. அவருடைய தங்கை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் ஆப்பிரிக்காவா?" என்றார். வீட்டில் என்னை அப்படித்தான் சொல்வாராம். அழுதுகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை.

சென்ற வாரம் ஆய்விதழிலிருந்து, திருத்தி அனுப்புவதற்கு அச்சுப்படி வந்தது. செடி புதியது என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரே ஒரு வரியைப் பதிப்பாசிரியர் மாற்றியிருந்தார். அந்த இரண்டு தாள்களிலும் துகள்கள் துடைக்கப்பட்டன என்று நான் எழுதியிருந்த வரி. இப்போது அது: 'துகள்கள் உதிர்ந்திருக்கலாம்.' நாகரிகமான வரி. எங்கள் துறை அப்படித்தான் எழுதும். சேகரிக்கப்பட்டது, அளக்கப்பட்டது, காணப்பட்டது. எதையும் யாரும் செய்வதில்லை.

அமலா அக்காவின் நினைவுக்கென்று என்னிடம் பொருள் எதுவும் இல்லை. ஒரு போட்டோகூட இல்லை. அந்தச் சிறு தாளில் அவர் எழுதிய 'துடைத்துவிட்டேன்' என்ற சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறேன். குறிப்பாக அதன் கடைசி எழுத்துகளை, செய்தவர் யார் என்று சொல்லிவிடும் அந்த 'ஏன்' விகுதியை.

பதிப்பாசிரியரின் வரியை அடித்துவிட்டு, ஒட்டும்போது உப்பு என்று கருதி அமலா துடைத்தார் என்று எழுதினேன். அச்சுப்படியை எங்கள் தலைவர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அதோடு அவருக்கு ஒரு கடிதம் வைத்தேன். இரண்டே வரி. அன்று உங்கள் அறையில் நின்றபோது எனக்கும் தெரியும். மறைக்கச் சொன்னேன்.