ஒழுகிய கம்பளியும் ஒரு ஜீப் பயணமும்

கம்பளி விற்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறோமே, அதுதான் தொழில்.

ஐம்பதுகளில் மதுரையில் ஒரு கம்பளி மண்டிக்கு ஆர்டர் பிடிக்கும் ஆளாக இருந்தேன். போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள ஏலத் தோட்டங்கள் என் பங்கு. மழை பிடிப்பதற்கு முன்னால் தோட்டத்தார் வேலையாட்களுக்கு ஆளுக்கொரு கம்பளி வாங்கிக் கொடுப்பார்கள். மாதிரியைக் காட்டி, ஆர்டரை எழுதிக்கொண்டு இறங்க வேண்டும். சரக்கு பிறகு லாரியில் போகும். பெட்டியும் கையுமாக ஊர் ஊராக அலைந்த சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் வயிற்றெரிச்சலை யாரிடமாவது சொல்லித்தானே ஆற வேண்டும்?

மின்விசிறிக்கு அடியில் பிறந்த யோசனைகள்

எங்கள் மானேஜர் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி அறியாதவர். அந்த மனிதர் ஒரு வைகாசி மாதம் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தாள் டைப் அடித்துக் கொடுத்தார். வெளியூர்ப் பயணத்தில் களைப்பும் கவலையும் தீர வழிகளாம். சுமையைக் குறைக்கவும். வண்டி புறப்பட அரைமணி முன்னதாகப் போகவும். முன்சீட்டில் அமரவும். உடன் வருவோரிடம் பேச்சுக் கொடுத்தால் தூரம் தெரியாது. படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பளி விற்கிறவன் சுமையைக் குறைத்துக்கொண்டு எதைக் காட்டுவான்? சட்டையையா?

தாளோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மலை மேட்டுக்கு அப்பால் உள்ள பெரிய தோட்டத்து ஆர்டர் இந்த மாதத்துக்குள் வராவிட்டால் மலை லைனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் வாய்வார்த்தையாகச் சொன்னார். மலை லைன் போனால் என் வேலை போயிற்று என்று அர்த்தம். வீட்டில் மனைவியும் மூன்று பிள்ளைகளும். முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஆறுதலும் சொன்னார்: "கவலைய மதுரையிலயே வச்சிட்டுப் போங்க. வரும்போது ஆர்டரைக் கொண்டு வாங்க."

நேரம் தெரியாத ஜீப்

அரைமணி என்ன, மூன்று மணி நேரம் முன்னதாகவே போடியில் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டேன். ஜீப்புக்கு நேரம் என்று ஒன்று இருந்தால்தானே முன்னும் பின்னும்? ஆள் சேர்ந்தால் கிளம்பும். எத்தனை ஆள் என்று கேட்டால் டிரைவர் ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "இன்னும் எடம் கெடக்கே" என்பார். முன்சீட்டில் டிரைவரின் மச்சினன், அவன் மடியில் ஒரு தகரப்பெட்டி, அதன் மேல் கால்கட்டிய இரண்டு சேவல்.

பின்னால் ராசிங்காபுரத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போகிற ஆண்களும் பெண்களுமாகப் பதினான்கு பேர். என் கம்பளி மூட்டையை அடியில் தள்ளி, அதன் மேல் என்னை உட்கார்த்திவைத்து, என் மேல் யாருடைய அரிவாள்மணையையோ வைத்தார்கள். இது அநியாயம் என்று கத்தினேன். அதற்குள் இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். டிரைவர் எனக்குத்தான் புத்தி சொன்னார்: "அண்ணே, மூச்ச வெளிய விட்டுட்டு உக்காருங்க. உள்ள இழுத்துக்கிட்டே இருந்தா மத்தவுகளுக்கு எடம் வேணாமா?"

பேச்சுக் கொடுத்தால் தூரம் தெரியாது

மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியது. மானேஜர் யோசனைகளில் பேச்சுக் கொடுப்பது ஒன்றுதான் மிச்சம். பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பெயர் பேச்சி. ஏலக்காய் எடுக்கிற வேலை. தோளில் ஒரு பழைய கம்பளி. தொழில் புத்தி போகுமா? கம்பளி எப்படி என்று கேட்டுவைத்தேன்.

அவள் அதை எடுத்து வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்தாள். அதன் வழியாக எதிரே இறங்கி வந்த லாரி தெரிந்தது. லாரியின் நம்பர்கூடத் தெரிந்தது. மூலையில் மான் படம் போட்ட மஞ்சள் சீட்டு. எங்கள் மண்டிச் சீட்டு! போன வருஷம் நான் காட்டிய மாதிரிக் கம்பளி உள்ளங்கை கனம் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மண்டியிலிருந்து இந்த வலையை அனுப்பியிருக்கிறார்கள். என் வாயை வைத்து ஏமாற்றியிருக்கிறார்களே என்று உடம்பெல்லாம் எரிந்தது. அதைச் சொல்ல வாய் வந்ததா? இல்லை. மூட்டை மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். அவளோ நிறுத்துவதாக இல்லை: "இதைக் கொண்டாந்து தலையில கட்டுனவன் எம் முன்னால வரட்டும். அவன் வீட்டுக் கூரை ஆடி மழையில இதே மாதிரி ஒழுகணும்னு ஆத்தாளுக்கு வேண்டியிருக்கேன்."

அரிசி தேடியவர்

பதினெட்டுப் பேருக்கு நடுவில் ஒளிந்து ஊர்போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வழியில் ஒரு சோதனைச் சாவடி. அரிசி மலையேறக் கூடாது என்று கெடுபிடியான காலம் அது. சாவடிக்காரர் எல்லார் மூட்டையையும் விட்டுவிட்டு என் மூட்டையை இறக்கச் சொன்னார். கம்பளிதான் ஐயா என்றேன். கம்பளிக்குள்ளேதான் அரிசி வரும் என்றார். ஒரு படி அரிசிகூட இல்லாதவனை நடுரோட்டில் நிறுத்தி, பத்து மாதிரிக் கம்பளிகளையும் ஒவ்வொன்றாக உதறிப் போட்டார். பத்து மான்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

பேச்சி இறங்கி வந்தாள். ஒரு கம்பளியின் மூலையைப் பார்த்தாள். தன் தோளில் கிடந்ததன் மூலையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். சாவடிக்காரர் போகச் சொல்லியும் ஜீப்பில் யாரும் ஏறவில்லை. எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அட, அந்த மகராசன் நீங்கதானா!" என்றாள்.

ஒரு குடம் தண்ணீர்

மீதி வழி முழுக்க ஒருவரும் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அந்தப் பெரிய தோட்டத்து முதலாளி போடியில் இருப்பவர். கம்பளி விஷயத்தில் கங்காணி வீரணன் சொல்தான் முடிவு. பேச்சிக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை; நான் மூட்டையைச் சுமந்துகொண்டு போய்ச் சேருமுன் என் கதை அவர் காதுக்குப் போய்விட்டது. அங்கே கம்பளியைத் தடவிப் பார்த்து வாங்குகிற வழக்கம் கிடையாது. நாலு பேர் நாலு முனையைப் பிடித்துக்கொள்ள, நடுவில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவார்கள். வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரம் வரை அடியில் ஒரு சொட்டு விழக் கூடாது. என் மாதிரியில் விழவில்லை. தொட்டில் மாதிரி தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நின்றது.

"போன வருசத்து மாதிரியும்தான் தாங்குச்சு" என்றாள் பேச்சி. மண்டிதான் மோசம் பண்ணியது, எனக்குத் தெரியாது என்று அங்கேயே போட்டு உடைத்தேன். வேலை போனால் போகட்டும் என்கிற அளவுக்குக் கோபம். கங்காணி நான் சொன்னதை நம்பினாரோ இல்லையோ, தண்ணீரைக் கொட்டிவிட்டு, அரிவாளை வாங்கிக் கம்பளியை நடுவில் இரண்டாக அறுத்தார். ஒரு பாதியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு மறு பாதியை என்னிடம் நீட்டினார். "ஆர்டர் எழுதிக்கங்க. லோடு வந்ததும் இந்தப் பாதியோட வச்சுப் பார்ப்பேன். ஒத்துவரலையின்னா ஒங்க மானேசரு இங்க வந்து, இந்தப் பொம்பளைக முன்னால நின்னு பதில் சொல்லணும். அதையும் சேத்து எழுதுங்க."

முதுகு வலி

மதுரையில் மானேஜர் ஆர்டரைப் பார்த்துச் சிரித்தார். அறுபட்ட கம்பளியைப் பார்த்து எழுந்துவிட்டார். மாதிரியை வெட்டவிட்டு வந்து நிற்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கத்தினார். எனக்கா புத்தியில்லை? பேச்சியின் கம்பளி வழியாக லாரி நம்பர் படித்த கதையை முழுக்கச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு மேலாளரிடம் அத்தனை சத்தமாகப் பேசியது அன்றுதான். அவர் கம்பளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆர்டரின் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்டார். சொன்னேன். உடனே குமாஸ்தாவைக் கூப்பிட்டு, கனத்த சரக்கையே அனுப்பச் சொன்னார். ஏமாற்றுகிறோமே என்று வராத பயம் ஜீப் என்றதும் வந்துவிட்டது பாருங்கள். என்னிடம் திரும்பி, "எனக்கு முதுகு வலி இருக்குய்யா, உமக்குத் தெரியாதா?" என்றார்.

இரண்டு பாதிகள்

சரக்கோடு நானே போனேன். கங்காணி தன் பாதியைக் கொண்டுவந்தார். புதுக் கம்பளிகளில் பேச்சியே ஒன்றை உருவி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். விரலால் நூலை எண்ணுகிறவள் மாதிரி தடவினாள். நாலு பேர் பிடிக்க, தண்ணீரும் ஊற்றினார்கள். ஒரு சொட்டு விழவில்லை. எனக்கு ஆளே இரண்டு அங்குலம் வளர்ந்தாற்போல் இருந்தது. மண்டியோடு சண்டை போட்டு நல்ல சரக்கு கொண்டுவந்தவன் நான்தானே? இனி அந்தச் சாபத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமே என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. கம்பளியை நாலாக மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "இது நல்ல கம்பளிதான், அண்ணே. ஒங்களக் குத்தம் சொல்லல. ஆனா போன ஆடியில எம் புள்ளைய இதே கையால பழைய கம்பளியில சுத்தி வச்சிருந்தேன். விடிய விடிய நனைஞ்சு கெடந்துச்சு. இன்னிக்கும் அதுக்கு நெஞ்சுச் சளி விடல. அதுக்கு எந்தப் பாதியக் கொண்டாந்து வச்சுப் பாக்க?"

வியாபாரப் பயணம் நிம்மதியாக இருக்க என்னிடம் யோசனை கேட்கிற தம்பிகளுக்கெல்லாம் நான் சொல்வது இவ்வளவுதான்: பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் நாம் விற்ற சரக்கைப் போர்த்தியிருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தால், பதினெட்டுப் பேர் ஏறிய ஜீப்பிலும் கால் நீட்டிக்கொள்ள இடம் இருக்கும்.