கொழும்புக்குப் போட்ட கணக்கு

பிள்ளைகளே, வெளிநாட்டுக்குச் சுற்றிப் பார்க்கப் போவதென்றால் செலவுக்கு எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்கிறேன். எனக்கு அதற்குத் தகுதி உண்டு. ஐந்து மாதம் உட்கார்ந்து போட்டவன் நான். மூன்றாவது பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு அவ்வளவு பெரிய கணக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துப் பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தோம். எனக்கு மந்தைவெளியில் விறகு எடை போட்டு விற்கும் ஒரு தொட்டியில் பில் எழுதும் வேலை. உங்களில் மூத்தவனுக்கு ஒன்றரை வயது. மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

உங்கள் அம்மாவை வளர்த்தது அவளுடைய அக்காதான். அந்த அக்காவைக் கொழும்பில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. போனவள் போனவள்தான். இடையில் சண்டை வந்துவிட்டது. கடிதம் மட்டும் வரும், நான் படித்துக் காட்டுவேன். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி, “எப்போது வருவாய்?” அதைப் படிக்கும்போது மட்டும் உங்கள் அம்மா அடுப்பை ஊதப் போய்விடுவாள், அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தாலும். அவள் என்னிடம் புடவை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. அக்காவை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள்.

எனக்கு அது போதவில்லை. கடலைத் தாண்டிப் போய் வெறும் அக்காவையா பார்ப்பது?

மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ரயில் அட்டவணைப் புத்தகம் வாங்கினேன். தொட்டியில் வீணான பில் தாள்களின் பின்பக்கத்தில் திட்டம் எழுதினேன். எழும்பூரில் ரயில், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். கண்டிக் கோயில் ஒரு நாள். மலைத் தோட்டம் ஒரு நாள். யானை குளிப்பதைப் பார்க்க ஒரு நாள், அதற்கு ஒன்றரை ரூபாய். யானை குளிக்க எதற்குக் காசு என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது வெளிநாட்டு யானை. எல்லாவற்றுக்கும் கீழே ‘எதிர்பாராத செலவு’ என்று எழுதி எட்டணா போட்டேன். எதிர்பாராதது எது வந்தாலும் எட்டணாவுக்குள் வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

அக்காவுக்கு இரண்டு அரை நாள் ஒதுக்கியிருந்தேன்.

“அரை நாளா?” என்றாள் உங்கள் அம்மா. “அவ எனக்கு ஒரு வேள சோறு போட்டு முடிக்கவே அரை நாளாவும்யா.”

“அதான் ரெண்டு அரை நாள் கீதே.”

“யானைக்கு முழு நாளு, எங்க அக்காவுக்கு அரை நாளா? அந்த யானையையே கட்டிக்கினு இருக்கறதுதானே நீ.”

சரி என்று யானையிலிருந்து கால் நாளைப் பிடுங்கி அக்காவிடம் கொடுத்தேன். அக்காவுக்கு ஒரு கடிதம் போட்டுவிடலாம் என்றாள். கூடாது, திடீரென்று போய் நின்றால்தான் அழகு என்றேன். பெரிய முட்டாள்தனம் அதுதான். எழுதியிருந்தால், நான் பிறகு தெரிந்துகொண்ட விஷயத்தை அக்காவே பதிலில் எழுதியிருப்பாள்.

முதலாளியிடம் லீவு கேட்டேன். சீமைக்குப் போகிறாயா என்று சிரித்தார். “பத்து நாளு. பதினோராம் நாள் காலைல தராசுகிட்ட வேற மூஞ்சி நின்னா என்னை ஏன்னு கேக்கக் கூடாது” என்றார். கேட்க மாட்டேன் என்று தலையாட்டினேன்.

ஐந்து மாதத்தில் பணம் சேர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கச்சேரி ரோட்டில் கைலி வியாபாரம் செய்த பாய் ஒருவர் எங்களிடம்தான் விறகு வாங்குவார். வருஷத்துக்கு இரண்டு தடவை கொழும்புக்குப் போய் வருகிறவர். அவரிடம் தாளைப் பெருமையாக விரித்தேன். பாய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

“எழுத்து முத்தா இருக்கு தம்பி. எந்தக் கிளாஸு?”

“மூணாவது.”

“அப்ப மண்டபம் எங்க?”

“எந்த மண்டபம் பாய்? கண்டியிலா?”

பாய் சிரித்த சிரிப்பில் விறகு பிளந்துகொண்டிருந்தவன் கோடரியைக் கீழே வைத்துவிட்டான். “கண்டி எங்க, நீ எங்க! கடலுக்கு இந்தப் பக்கமே மண்டபம்னு ஒரு ஊரு தம்பி. மூணாங் கிளாஸ்காரனை அங்க எறக்கி முகாம்ல வெச்சிடுவாங்க. அம்மை கிம்மை இல்லேன்னு தெரிஞ்சாத்தான் கப்பலு. ஆறு நாளு. ரெண்டாங் கிளாஸ்ல போனா நாக்க நீட்டச் சொல்லிப் பாத்துட்டு வுட்டுடுவாங்க. நான் வியாபாரி, அதுல போறேன். எங்க வூட்டுப் பொம்பளைங்க மூணாவதுதான்.”

இரண்டாம் கிளாஸுக்கு என் பணம் ஒருவருக்கே இழுபறி. மூன்றாம் கிளாஸ் என்றால் போக இரண்டு நாள், முகாமில் ஆறு நாள், திரும்ப இரண்டு நாள். ஆகப் பத்து. கொழும்பு ஸ்டேஷனில் இறங்கி, அக்காவைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, அதே கையோடு திரும்பும் ரயிலில் ஏறலாம். ரூபாய், அணா, தம்பிடி வரைக்கும் எழுதியவன் நாட்களை எண்ணவில்லை.

சாயந்தரம் வீட்டில் சொன்னேன். அடுத்த வருஷம் பார்ப்போம் என்றேன். உங்கள் அம்மா வெற்றிலையை எடுத்து மடிக்க உட்கார்ந்தாள். அடுப்புப் பக்கம் போகவில்லை. பிறகு கேட்டாள்:

“அந்த முகாம்ல சோறு?”

“அவுங்களே போடுவாங்களாம்.”

“ஆக்கிப் போட வேணாமா?”

“வேணாம்.”

“ஏனம் கழுவ?”

“அதெல்லாம் நான் கேக்கல.”

“ஆறு நாளு, ஒருத்தன் ஆக்கிப் போட, நான் உக்காந்து துன்னணும். அதப் போயி செயில்ல போட்ட மாரி சொல்றியே. நான் போறேன்.”

“யாரோட?”

“கொயந்தையோட. பாய் வூட்டுப் பொம்பளைங்க போறாங்கன்னு சொன்னியே, அவுங்க கூட.”

“நான்?”

“நீ இன்னாத்துக்கு? எனக்குத்தானே அக்கா?”

“பத்து நாளுதானேடி லீவு!”

“லீவு உனுக்கு. எனுக்கு எந்த மொதலாளி?”

கணக்கை அவளே விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். ஒரே ஒரு டிக்கெட். கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. இருவர் பத்து நாள் சுற்ற வைத்திருந்த பணத்தில் ஒருத்தி ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம், அக்காவுக்குப் புடவையும் வாங்கலாம். ஐந்து மாதத்தில் எனக்கு வராத கணக்கு, அவளுக்கு வெற்றிலை மடிக்கிற நேரத்தில் வந்துவிட்டது. அன்றைக்கே அக்காவுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். எழுதினேன்.

பாய் வீட்டுப் பெண்களோடு எழும்பூரில் ஏற்றிவிட்டேன். உங்கள் அண்ணன் எனக்குக் கையாட்டவில்லை, பக்கத்து ஜன்னல்காரருடைய முறுக்குக்குக் கையை நீட்டினான். மறுநாள் தொட்டியில் விறகு பிளக்கிறவன் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தான். “இன்னா நைனா, வூட்டுக்காரம்மா கப்பலேறிடுச்சு, நீ சவுக்குக் கட்டைய எட போட்டுக்கினு கீறே!”

மண்டபத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. முகாமில் யாரையோ பிடித்து எழுத வைத்திருந்தாள். “இங்கே நலம். இரண்டு வேளையும் சோறு போடுகிறார்கள். குழம்பில் உப்புக் குறைவு. ஆனாலும் அவசரம் ஒன்றும் இல்லை.”

முப்பத்தெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. குரல் மட்டும் இல்லை, அடியோடு கட்டிப்போயிருந்தது. மயிலாப்பூர் வரும்வரை ஜட்காவில் குசுகுசுவென்றுதான் பேசினாள்.

“கண்டி பாத்தியா?”

தலையை ஆட்டினாள், இல்லையென்று.

“மலைத் தோட்டம்?”

“எங்க நேரம்? பேசிக்கினே இருந்தோம்.”

“ஒரு மாசமாவா?”

“அக்காவுக்குத் தல நரச்சிப் போச்சிய்யா. ஈருங் கீது, பேனுங் கீது. கடையில கெடந்து சாவறா, யாரு பாப்பாங்க? நான் அவளுக்குப் பாத்துவுட்டேன். அவ எனக்குப் பாத்துவுட்டா. பின்கட்டுல உக்காந்துக்கினு மாத்தி மாத்தி அதேதான்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்படியே அழுதாள். ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுக் குதிரையை மெதுவாக விட்டார்.

கொழும்புக்குப் போய் வந்தாயாமே, அங்கே என்னதான் பார்த்தாய் என்று தெருவில் எத்தனையோ பேர் அவளைக் கேட்டுவிட்டார்கள். இன்றைக்கும் ஒரே பதில்தான்.

“எங்க அக்கா தலைய.”