காகிதத்தில் பொதிந்த ஊசி

சென்ற ஆவணியின் முதல் திங்கட்கிழமை என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "இன்று முதல் வீட்டில் பிளாஸ்டிக் பை இல்லை." சூலூரில் எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் சரசம்மாவிடமும் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

புதன்கிழமை, மனைவி போட்டுக்கொண்ட இன்சுலின் ஊசியைச் செய்தித்தாளில் பொதிந்து மக்கும் குப்பையில் போட்டுவிட்டேன். வண்டியில் இடம் பண்ணக் கையால் அமுக்கிய சரசம்மா அலறினார். விரலில் ரத்தம்.

"ஏனுங்க சார், காயிதம்னு நம்பி அமுக்கிப்போட்டனுங்க. இந்த ஊசி எந்தக் காலத்துலங்க மக்கும்?"

உடனே அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா புள்ளைக ரெண்டும் என்னங்க பண்ணும்?" என்று வழியெல்லாம் கேட்டார். முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. தொற்று தாமதமாகவும் தெரியலாம் என்று சில மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள்.

இப்போது ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, இறுக மூடி, மேலே 'ஊசி' என்று எழுதி, சொல்லித்தான் கையில் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்பவர் வேறொருவர். சரசம்மாவை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு முறை தேடிப் போயும் பார்க்க முடியவில்லை. மறுபரிசோதனை செய்துகொண்டாரா, முடிவு என்ன என்பது இதை எழுதும் நாள்வரை எனக்கு உறுதியாகத் தெரியாது.